என்றார் பிறரும்

பணி ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தாலும் பேச்சுப் போட்டி என்றால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் இன்னும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். போன ஜனவரியில் அப்படி வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் போட்டி நடந்த இடத்துக்கு நானே அழைத்துப் போனேன். தலைப்பு, தமிழரின் தொன்மை. அந்தத் தலைப்பில் 'கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே' என்ற அடி வராத பேச்சை நான் கேட்டதில்லை. இவளும் அதைச் சொன்னாள். சொல்வதற்கு முன் இரண்டு வாக்கியம் கூடுதலாகச் சொன்னாள்: "ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில் வரும் வெண்பா இது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டு வரும் மறவரின் குடிப்பெருமையைப் பாடுகிறது."

எல்லாரும் பேசி முடித்ததும் நடுவர்களில் ஒருவர் ஒலிபெருக்கியின் முன் வந்தார். "சங்க இலக்கியமான புறநானூற்றுப் பாட்டை ஒரு மாணவி வேறு ஏதோ நூல் என்று சொன்னாள். மேடை ஏறுகிறவர்கள் சரிபார்த்துக்கொண்டு ஏற வேண்டும்" என்றார். பெயரைச் சொல்லவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள். அவள் மடியில் இருந்த காகிதத்தை நான்காக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள்.

நான் எழுந்து போய் அவரிடம் சொன்னேன். "பார்க்கலாம் அம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், நான் சொன்னது தப்பா?"

இல்லை என்று என்னால் உடனே சொல்லியிருக்க முடியும். ஆனால் அப்படிச் சொன்னால் நடுவர் சொன்னதற்கு எதிராக டீச்சர் சொன்னது என்றுதான் ஆகும். ஒருவர் வாய்க்கு எதிராக இன்னொருவர் வாய். ஆகவே மறுநாள் மாவட்ட மைய நூலகத்துக்கு வா என்றேன். இரண்டு நூல்களையும் எடுத்து மேசைமேல் வைத்தோம். புறநானூற்றின் பாட்டு முதற்குறிப்பு அகராதியை அவளே விரல் வைத்துத் தேடினாள், கிடைக்கவில்லை. வெண்பாமாலையைத் திறந்தாள். முப்பத்தைந்தாவது வெண்பா.

பொய்யகல நாளும் புகழ்விளைத்தல் என்வியப்பாம்
வையகம் போர்த்த வயங்கொலிநீர் – கையகலக்
கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே வாளொடு
முன்தோன்றி மூத்த குடி

நான்கு அடியையும் அவள் அப்போதுதான் முதன்முறையாக நூலில் பார்க்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் பின்னிரண்டு அடிகளைத்தான். உலகத்தைப் போர்த்தியிருந்த வெள்ளம் விலகியது, மலை தலைகாட்டியது, மண் இன்னும் உண்டாகவில்லை, அந்தக் காலத்திலேயே வாளோடு தோன்றிய குடி என்று ஒரு வீரக்குடியை உயர்த்திப் பாடுகிறார் புலவர். மேடைகளில் இது என்ன ஆகியிருக்கிறது? 'முன்தோன்றிய மூத்த மொழி' என்று குடி மொழியாகிவிட்டது. வாள் காணாமலே போய்விட்டது. பாட்டிலிருந்து நூலின் பெயர் உதிர்ந்ததும் சொற்களும் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்குகின்றன. இன்ன நூலில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஒருவர் போய்ப் பார்த்து, 'ஐயா, இங்கே குடி என்றல்லவா இருக்கிறது' என்று திருத்த முடியும்?

முப்பத்தோரு ஆண்டு தமிழாசிரியையாக இருந்தவள் நான். இந்த ஒன்றுக்காக நான் பட்ட கோபம் வேறு எதற்காகவும் பட்டதில்லை.

எங்கள் சீமையில் நல்ல கவிதை எல்லாம் எட்டயபுரத்தாருடையது. 'தமிழன் என்றோர் இனமுண்டு' என்பது நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை பாடியது. பாரதி பாடியதாகச் சொல்வார்கள். 'தமிழுக்கும் அமுதென்று பேர்' பாரதிதாசனுடையது; அதுவும் பாரதி கணக்கில் சேரும். பாரதியாருக்கு இதனால் ஒன்றும் கூடிவிடப் போவதில்லை. அவரிடம் இல்லாததா? ஆனால் உரியவருக்கு இருந்தது போய்விடுகிறது.

இதைவிடக் கொடுமை, அவர் எழுதியதையே அவருக்கு எதிராகத் திருப்புவது. 'மெல்லத் தமிழினிச் சாகும்' என்றான் பாரதி என்று எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறேன்! நெற்றியில் அறைந்தாற்போல் இருக்கும். அந்தப் பாட்டின் தலைப்பு 'தமிழ்த்தாய்'. பேசுகிறவள் தமிழ்த்தாய். புதிய கலைகளைச் சொல்லும் திறமை தமிழுக்கு இல்லை, மெல்லத் தமிழ் சாகும், மேற்கு மொழிகள் ஓங்கும் என்று ஒருவன் சொன்னானாம். அவனை அவள் என்னவென்று சொல்கிறாள்? 'என்றந்தப் பேதை உரைத்தான்' என்கிறாள். உடனே, 'ஆ! இந்த வசையெனக் கெய்திட லாமோ?' என்று துடித்துவிட்டுத்தான் 'சென்றிடுவீர் எட்டுத் திக்கும்' என்று பிள்ளைகளை ஏவுகிறாள். அதாவது பாரதி பாடுகிறார். பாட்டுக்குள் தாய் பேசுகிறாள். தாயின் பேச்சுக்குள் ஒரு பேதையின் சொல் வருகிறது. மூன்றாவது அடுக்கில் இருக்கும் பேதையின் சொல்லை உருவி எடுத்து முதல் அடுக்கில் இருக்கும் பாரதியின் வாயில் வைத்துவிடுகிறோம். இன்ன நூல், இன்ன பாட்டு என்பதோடு நின்றால் போதாது. அந்த நூலுக்குள் யார் வாய் அதைப் பேசுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று நான் பிள்ளைகளை வற்புறுத்துவது இதனால்தான்.

கட்டபொம்மன் விஷயமும் அப்படித்தான். கயத்தாறு எங்களுக்குத் தூரமில்லை. 1799 அக்டோபர் 16இல் அவரைத் தூக்கிலிட்ட மண். பள்ளி விழாவுக்கு விழா ஒரு பையன் மீசை ஒட்டிக்கொண்டு வருவான். 'வானம் பொழிகிறது, பூமி விளைகிறது' என்று முழங்குவான். கூட்டம் எழுந்து நிற்கும். எனக்கும் மயிர்க்கூச்செறியும், மறுக்கவில்லை. ஆனால் கட்டபொம்மன் 1798இல் இராமநாதபுரத்தில் ஜாக்சன் துரையைச் சந்தித்தது வரலாறு. அங்கே பேசியதாக நாம் கேட்கும் வசனம் 1959இல் வந்த திரைப்படத்துக்குச் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. அப்படி எழுதத் தெரிந்த கையின் பெயரைச் சொல்லிவிட்டு முழங்கினால் முழக்கம் குறைந்தா போகும்? வரலாற்றுத் தேர்வில் அந்த வசனத்தையே கட்டபொம்மன் கூற்று என்று விடையாக எழுதி வைத்த தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

பெயர் சொல்லாமல் விடுவது பெயருக்குரியவருக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் பின்னால் தேடி வருகிறவருக்குச் செய்யும் அநியாயம் அதைவிடப் பெரிது என்று எனக்குப் புரிய வைத்தவர் உ.வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்த காலத்தில் நச்சினார்க்கினியரின் உரை அவரைத் திணறடித்தது. உரைகாரர் எங்கெங்கிருந்தோ அடிகளை எடுத்துக் காட்டுகிறார். எந்த நூல் என்று சொல்வதில்லை. 'என்றார் பிறரும்' என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார். அந்தப் பிறர் யார்? உரைகாரர் காலத்தில் படித்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்; சொல்ல வேண்டிய அவசியம் இருந்திராது. ஐயர் காலத்திலோ அந்த நூல்களின் பெயர்களே பலருக்கு மறந்துபோயிருந்தன. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் ஏடுகளாகக் கைக்குக் கிடைத்து, அவற்றை அடியடியாகப் படித்தபிறகுதான் ஒவ்வொரு பிறரும் யார் என்று அவருக்குத் துலங்கியது. பத்துப்பாட்டு ஏடு தேடித்தான் அவர் நம் பக்கம் வந்தார். திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று கவிராயர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார். 1889இல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது. தமக்கு ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயர்களை அவர் தம் முகவுரைகளில் எழுதி வைத்தார். அந்த இரண்டு சொல்லால் பட்ட பாடு அவருக்குத் தெரியும்.

அதே நச்சினார்க்கினியருக்குப் பல நூற்றாண்டு முன்னால் மணிமேகலையில் சாத்தனார் குறளை எடுத்தாண்டிருக்கும் அழகைப் பாருங்கள். சிறைசெய் காதையில், 'தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள், பெய்யெனப் பெய்யும் பெருமழை' என்று குறள் அப்படியே வருகிறது. அதோடு 'என்றஅப் பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்' என்று முடிக்கிறார். குறள் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, சொன்னவன் யார், அவன் சொல்லை இவர் எப்படி மதிக்கிறார், எல்லாம் அந்த அடிகளுக்குள்ளேயே இருக்கிறது. தொல்காப்பியரோ முதல் நூற்பாவிலேயே 'முப்பஃது என்ப' என்கிறார். எழுத்து முப்பது என்று தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. முன்னோர் சொல்வார்கள் என்கிறார். நன்னூல் நூல் எழுதுவதற்கான முப்பத்திரண்டு உத்திகளை எண்ணும்போது, முன்னோர் சொல்லை எடுத்துக் காட்டும் 'தான் எடுத்து மொழிதல்', பிறர் கொள்கையைச் சொல்லும் 'பிறன்கோள் கூறல்' என்று இரண்டைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. மேற்கோள் ஒழுங்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நான் இவற்றைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

நம் சீமைக்காரரான வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து நடத்திய தமிழ் லெக்சிகனையும் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதினால் அடைப்புக்குள் நூலின் சுருக்கப் பெயரும் பாட்டு எண்ணும் இருக்கும். நூலில் இல்லாமல் திருநெல்வேலிப் பக்கம் பேச்சில் மட்டும் வழங்கும் சொல் என்றால், அதற்கும் 'டின்.' என்று இந்த மாவட்டத்தின் குறி உண்டு. வயற்காட்டில் பேசுகிறவர்களும் சான்றுதான் என்று ஓர் அகராதி ஒப்புக்கொண்டிருக்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

என் திண்ணையில் நான் சொல்லிக் கொடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எழுத்தில் மேற்கோள் குறி இருக்கிறது. மேடையில் குரல்தான் குறி. ஆகவே பெயரை முதலில் சொல்லு, ஒரு மூச்சு நிறுத்து, மேற்கோளைச் சொல்லு, மறுபடி ஒரு மூச்சு நிறுத்திவிட்டு உன் பேச்சைத் தொடங்கு. பக்க எண்ணை மேடையில் சொல்ல வேண்டாம், கேட்பவர் களைத்துவிடுவார். ஆனால் உன் கையில் இருக்கும் துண்டுக் காகிதத்தில் அது இருக்க வேண்டும். கீழே இறங்கியதும் ஒருவர் கேட்டால் காட்ட வேண்டும். பழைய பாட்டுக்குப் பக்க எண்ணைவிடப் பாட்டு எண்தான் நல்லது. 'யாதும் ஊரே' எந்தப் பதிப்பில் பார்த்தாலும் புறநானூறு 192தான். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். உரைநடை நூல் என்றால் பதிப்பு ஆண்டும் பக்கமும் சேர்ந்து வேண்டும். சொந்த வார்த்தையில் மாற்றிச் சொன்னாலும் கருத்து அவருடையதுதான், பெயரைச் சொல். மூல நூலை நீ பார்க்கவில்லை, வேறொருவர் எடுத்துக் காட்டியதைப் பார்த்தாய் என்றால், பார்த்ததை மட்டும் சொல்: இன்னார் எழுதிய நூலில் இப்படி மேற்கோள் இருக்கிறது என்று. இதைச் சொல்லத்தான் எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். இதில் என்ன கூச்சம்? படித்ததாக நடிப்பதற்கல்லவா கூச வேண்டும்?

எண்களுக்கு இது இன்னும் முக்கியம். சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லைப் பற்றிப் பேசாத மேடை இப்போது இந்தப் பக்கம் கிடையாது. அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகம் கணித்த காலம் கி.மு. 1155, 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் அறிவித்தது. ஏறத்தாழ 3,200 ஆண்டு. இது போதாதா நமக்கு? வாட்ஸ்அப்பில் வந்தது என்று சொல்லி ஒருவர் 5,000 என்கிறார், அடுத்தவர் 10,000 என்கிறார். ஆய்வகத்தின் பெயரையும் தாழியையும் சேர்த்துச் சொல்கிற பிள்ளையின் வாயில் அந்த எண் வளர்வதில்லை. ஒரு தடவை பொய்யாகப் பெருக்கிச் சொல்லிவிட்டால் மெய்யான 3,200ஐயும் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்.

இவ்வளவு பேசும் நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். சேரன்மகாதேவிப் பக்கம் வேலை பார்த்தபோது, 2009 என்று நினைவு, பள்ளி ஆண்டு மலருக்குக் கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தாமிரபரணியின் அணைக்கட்டுகளை மேலிருந்து கீழாக, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று ஸ்ரீவைகுண்டம் வரை எட்டையும் புத்தகம் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் தண்ணீர் எப்படி முறை வைத்து விடுகிறார்கள், எந்த மடை முதலில் திறக்கும், கடைமடைக்காரன் என்ன பாடுபடுவான் என்பதையெல்லாம் எனக்குச் சொன்னவர் நீர்பாய்ச்சியாக இருந்த ஒரு பாட்டையா. மூன்று மாலைகள் கரையில் உட்கார்ந்து கேட்டேன். கால்வாய் வந்த கதையையும் அவர்தான் சொன்னார். கன்னட தேசத்திலிருந்து வந்தவர் ஒரு பசுவின் பின்னால் நடந்தாராம். அது போன வழியெல்லாம் கால்வாய், அது கோமியம் விட்ட இடமெல்லாம் மடை, அது படுத்த இடமெல்லாம் குளம்.

கட்டுரையில் அவரைப் பற்றி நான் எழுதியது, 'ஊர்ப் பெரியவர் ஒருவர் கூறுகிறார்' என்ற நான்கு சொல். புத்தகத்தில் படித்ததற்கெல்லாம் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் என்று வரிசையாகக் கொடுத்திருந்தேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் பள்ளியில் படித்த பேத்தி வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஒரு நாள் மதிய இடைவேளையில் மலரைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "டீச்சரம்மா, நான் சொன்னதெல்லாம் இருக்கிறது. என் பேர் எங்கே இருக்கிறது, அதைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும், பேத்தி பார்க்கத் தவறிவிட்டாள் என்று நினைத்துக் கேட்டார்.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு நடக்கும். காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, அடுத்தது குருவடி. தனக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தவரை வணங்கிப் பாடாமல், அண்ணாவி என்று நாங்கள் சொல்லும் தலைமைப் பாடகர் கதைக்குள் போகமாட்டார். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? பேராசிரியர் சொன்னால் சான்று, நீர்பாய்ச்சி சொன்னால் 'பெரியவர் ஒருவர்' என்று எனக்குள் ஒரு வரப்பு இருந்திருக்கிறது. யார் கட்டிய வரப்பு என்று எனக்குத் தெரியாது. நான் அதைத் தாண்டாமல் நின்றேன், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு மலரில் ஒரு திருத்தம் போட்டேன். அவர் பெயர், ஊர், எத்தனை ஆண்டு அந்த மடையைப் பார்த்தார், நான் எந்த மாதம் அவரிடம் கேட்டேன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இங்கே மட்டும் அவர் பெயரை எழுதவில்லை. பெயர் சொல்வதற்கும் உரியவர் சம்மதம் வேண்டும் அல்லவா? அவர் காலமாகிவிட்டார். இணையத்தில் வேண்டாம் டீச்சர், அச்சில் இருப்பது போதும் என்று அவர் மகன் சொல்லிவிட்டார்.

திருத்தம் வந்த மலரை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். அறுவடை முடிந்து வாசலில் வைக்கோல் கிடந்தது. உரக்க வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். பெயர் வந்த இடத்தில் பேத்தியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பசுமாட்டுக் கதை எனக்கு எங்கள் அப்பா சொன்னது. அன்றைக்கே உங்களிடம் அப்படித்தானே சொல்லித் தொடங்கினேன்?" என்றார்.

ஆமாம், அப்படித்தான் தொடங்கினார். எங்கள் அப்பா சொல்லுவார் என்றுதான் மூன்று நாளும் தொடங்கினார். என் குறிப்பு நோட்டில்கூட அது இருந்தது. கட்டுரையிலும் விட்டிருந்தேன், திருத்தத்திலும் விட்டிருந்தேன். அவர் அப்பாவின் பெயரைக் கேட்டு, அவருடைய பிரதியில் அவர் பெயருக்கு மேலே, ஓரத்தில், பேனாவால் எழுதிக் கொடுத்தேன். பேத்தி அதை வாசித்துக் காட்டினாள்.